ஓய்வு சலுகை அன்று: டிராம்பேயின் குளிர்காலப் பருவத்தை முன்வைத்து

கல்லூரி மாணவர்களுக்கு ஓய்வு மிகுந்துவிட்டது என்னும் குற்றச்சாட்டு ஆண்டுதோறும் குளிர்காலத்தில் புதுப்பிக்கப்படுகிறது. தீபாவளி விடுமுறை முடிந்து இரண்டாம் பருவம் தொடங்குகிறது. தேர்வுகள் தொலைவில் நிற்கின்றன. மும்பையின் புழுக்கம் சற்றே தணிந்து, இரவின் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது. பவாயிலுள்ள ஐ.ஐ.டி. வளாகம் டிசம்பரில் ‘மூட் இண்டிகோ’ விழாவுக்குத் தயாராகிறது. மாணவர் ஒருவர் பாடத்திட்டத்தில் இல்லாத நூலைப் புரட்டுவதும், நண்பரோடு தேநீர்க் கடையில் ஒரு மணிநேரம் வாதிடுவதும் அப்போது பெரியவர்களின் கண்ணை உறுத்துகின்றன. இளைஞர்கள் வாரம் 70 மணிநேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் சொன்னதும், எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் அதனை 90 மணிநேரம் ஆக்கிப் பேசியது 2025 ஜனவரியில் வெளிவந்ததும் நாடறிந்தவை. அவை ஊழியர்களை நோக்கிய அறிவுரைகள்தாம் எனினும், வீட்டிலும் வகுப்பறையிலும் மாணவரை அதட்டுவதற்கும் இன்று அவையே கைக்கொள்ளப்படுகின்றன.

இக்குற்றச்சாட்டு எந்த மாணவரைப் பற்றிப் பேசுகிறது என்பதை ஒருபோதும் சொல்வதில்லை. அதன் முதற்பிழை அதுவே. ஓய்வு என்பது படிப்பு முடிந்தபின் எஞ்சும் நேரம் என்று அது கருதிக்கொள்வது இரண்டாம் பிழை. உண்மை இதற்கு நேர்மாறானது. படிப்பு நிகழ்வதற்கு முன்பே இருந்தாக வேண்டிய நிபந்தனை ஓய்வு. இந்திய அரசு இதனை அறியாததன்று. எழுபது ஆண்டுகளாகவே நன்கு அறிந்திருக்கிறது. அறிந்துகொண்டே சிலருக்கு அந்த ஓய்வை ஊதியத்தோடு வழங்குகிறது, பலருக்கு மறுக்கிறது. இதனைக் காண்பதற்கு மும்பையில் டிராம்பேயைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் சொல், ‘ஸ்கோலே’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் முதற்பொருள் ஓய்வு. பிழைப்புக்கான வேலையிலிருந்து விடுபட்ட நேரம், அந்நேரத்தில் நிகழும் உரையாடல், அவ்வுரையாடல் நிகழும் இடம் என்று அச்சொல் படிப்படியாக விரிந்தது. தமிழுக்கும் இவ்வுறவு அந்நியமானதன்று. பள்ளி என்னும் சொல் துயிலையும் படுக்கையையும் குறிக்கும்; சமண, பௌத்தத் துறவிகளின் உறைவிடத்தைக் குறிக்கும்; கல்வி கற்கும் இடத்தையும் குறிக்கும். பள்ளியறையும் பள்ளிக்கூடமும் ஒரே சொல்லின் மேல் நிற்கின்றன. உடல் சாய்ந்து இளைப்பாறும் இடமும் அறிவு வளரும் இடமும் ஒன்றையொன்று விலக்குவன என்று இம்மொழி கருதியதில்லை. ஆனால் கிரேக்கத்தில் அந்த ஓய்வை உழைப்பால் தாங்கியவர்கள் அடிமைகள். இந்தியாவில் சாதியால் கீழ்நிறுத்தப்பட்டவர்களும் பெண்களும். ஓய்வு எப்போதும் ஒருவருக்காக வேறொருவர் செலவழித்த உழைப்பாகவே இருந்துவந்திருக்கிறது. எனவே ஓய்வைப் பற்றிய வாதம் சோம்பலைப் பற்றிய வாதமாக இருக்க இயலாது. யாருடைய உழைப்பில் யார் ஓய்ந்திருக்கிறார் என்பதே அதன் உள்ளடக்கம்.

டிராம்பேயின் மதிலுக்கு உட்புறத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1954இல் தொடங்கப்பட்ட அணுசக்தி நிறுவனம், ஹோமி பாபாவின் மறைவுக்குப் பிறகு 1967இல் அவர் பெயரைப் பெற்றது. ஆசியாவின் முதல் ஆராய்ச்சி அணுஉலைகளில் ஒன்றான அப்சரா 1956 ஆகஸ்டில் இங்குதான் இயங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1957இல், ஒரு பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. அறிவியல், பொறியியல் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டுக் காலம் உதவித்தொகையும் விடுதியும் அளித்து, படிப்பதைத் தவிர வேறு கவலையில்லாமல் வைத்திருப்பதே அதன் முறை. 2024ஆம் ஆண்டுச் சேர்க்கையின்போது அறிவிக்கப்பட்ட உதவித்தொகை மாதம் 55,000 ரூபாய். நூல்கள் வாங்குவதற்கு ஒருமுறைத் தொகையாக 18,000 ரூபாய். அதே டிராம்பேப் பகுதியில், மான்குர்டுக்கு அருகே, ஹோமி பாபா அறிவியல் கல்வி மையமும் இருக்கிறது. அறிவியல் ஒலிம்பியாடுக்குத் தேர்வாகும் பள்ளி மாணவர்கள் அங்கு வந்து தங்கிப் பயில்கிறார்கள். அவர்கள் தண்ணீர் பிடிப்பதில்லை, சமைப்பதில்லை, மாலையில் கடையில் நிற்பதில்லை. அறிவு உருவாக வேண்டுமானால் நேரம் வேண்டும், அந்நேரத்துக்குரிய செலவை வேறொருவர் ஏற்க வேண்டும் என்ற உண்மையைத் தெரிந்துகொண்ட ஓர் அரசு கட்டிய நிறுவனங்கள் இவை. இவற்றின் மீது இங்குக் குறை சொல்லப்படவில்லை. இவை சரியானவை. சரியானவை என்பதே மதிலுக்கு வெளிப்புறத்தின் மீதான குற்றச்சாட்டுக்கு அடிப்படை.

மதிலுக்கு வெளியே சீத்தா கேம்ப் இருக்கிறது. தமிழ் இசுலாமியரும் தலித் மக்களும் திரளாக வாழும் இக்குடியிருப்பின் பிறப்பு அணு ஆராய்ச்சி மையத்தோடு பிரிக்க இயலாதது. மையத்தையொட்டி ஜனதா காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. நகரின் வேறு பகுதிகளிலிருந்து முன்பே பெயர்க்கப்பட்டவர்கள் அங்கு வாழ்ந்தார்கள். அந்நிலம் மையத்துக்குத் தேவை என்று சொல்லப்பட்டது. கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழரான ஜோக்கின் அற்புதம் பல ஆண்டுகள் மக்களைத் திரட்டி வெளியேற்றத்தை எதிர்த்தார். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில், ஏறத்தாழ 70,000 பேர் அங்கிருந்து அகற்றப்பட்டுக் கடலோரச் சதுப்பு நிலத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அந்நிலமே சீத்தா கேம்ப் ஆயிற்று. அற்புதம் பின்னாளில் தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பின் தலைவராக உலகெங்கும் அறியப்பட்டார், 2000இல் மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீயும் பெற்றார், 2018இல் மறைந்தார். விருதுகள் வந்தன. பெயர்க்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு மதிலுக்கு உட்புறத்தில் வழங்கப்படும் நேரம் மட்டும் வரவில்லை.

இப்பேரப்பிள்ளைகளில் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். இது ஒரு குறிப்பிட்ட பெண்ணின் கதையன்று, ஒரு கணக்கு. இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவி. குளிர்காலப் பருவத்தில் இருக்கிறார். தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி ஒரு கல்வியாண்டு என்பது 40 கிரெடிட், அதாவது 1,200 மணிநேரக் கற்றல். வகுப்பு, ஆய்வகம், சொந்தப் படிப்பு யாவும் இதில் அடங்கும். ஒரு பருவத்துக்கு 600 மணிநேரம். பருவத்துக்கு 15 வாரம் என்று கொண்டால் வாரம் 40 மணிநேரம். அவர் மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார் அல்லது செம்பூரில் ஒரு கடையில் நிற்கிறார். நாளுக்கு 5 மணிநேரம், வாரம் 6 நாள் என்றால் 30 மணிநேரம். பேருந்தில் மான்குர்டு நிலையம் வந்து, ஹார்பர் ரயில் பிடித்துக் கல்லூரி சென்று திரும்ப நாளுக்கு 2 மணிநேரம், ஐந்து நாளுக்கு 10 மணிநேரம். குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்து பிடித்துவைப்பதும், சமையலும், பாத்திரமும், தம்பி தங்கையின் பாடமும் சேர்ந்து நாளுக்கு 2 மணிநேரம், வாரத்துக்கு 14.

கூட்டினால் 94 மணிநேரம்.

நாராயண மூர்த்தி கேட்ட 70 மணிநேரத்தை அம்மாணவி படிப்பும் கூலிவேலையும் கொண்டே எட்டிவிடுகிறார். வீட்டையும் பயணத்தையும் சேர்த்தால் சுப்பிரமணியன் கேட்ட 90ஐயும் கடந்துவிடுகிறார். வாரத்தின் 168 மணிநேரத்தில் எஞ்சுவது 74. அதில் நாளுக்கு 7 மணிநேரம் உறங்கினால் 25 எஞ்சும். குளிப்பது, உண்பது, உடுத்துவது ஆகியவற்றுக்கு நாளுக்கு 3 மணிநேரம் கழித்தால் வாரத்துக்கு 4 மணிநேரம். இதுவே அவருடைய ‘நிம்மதியான குளிர்காலப் பருவம்’. அதுவும் யாருக்கும் காய்ச்சல் வராத, ரயில் தாமதமாகாத, உறவினர் வீட்டில் விசேஷம் இல்லாத வாரத்தில்.

வீட்டு வேலைக்கு இக்கணக்கில் ஒதுக்கப்பட்ட 2 மணிநேரம் மிகையன்று. 2019ஆம் ஆண்டு தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். பெண்களில் பத்துக்கு எட்டுப் பேர் இவ்வேலையைச் செய்கிறார்கள். ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரே. ஒரே தெருவில், ஒரே வீட்டில், ஒரே கல்லூரியில் படிக்கும் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே குளிர்காலப் பருவம் வாய்ப்பதில்லை என்பதே இதன் பொருள். அரசின் மதிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் வீட்டுக்குள் இருக்கும் இம்மதிலைப் பற்றிப் பேசாமல் விடுவது வசதியான மறதி. அண்ணனின் ஓய்வு வானத்திலிருந்து விழுந்ததன்று. தங்கை கழுவிய பாத்திரத்திலிருந்து வந்தது.

ஓய்வுக்கு நேரம் மட்டுமன்று, இடமும் காற்றும் வேண்டும். சீத்தா கேம்ப், மான்குர்டு, கோவண்டி, தேவ்னார் யாவும் மாநகராட்சியின் எம்-கிழக்கு வட்டத்தில் அடங்குபவை. 2009இல் வெளியான மும்பை மனிதவள மேம்பாட்டு அறிக்கையில் நகரின் வட்டங்களிலேயே கடைசி இடம் பெற்றது இவ்வட்டமே. 1927 முதல் நகரின் கழிவைச் சுமந்துவரும் தேவ்னார் குப்பைமேடு இங்குதான் இருக்கிறது. சுத்திகரிப்பு ஆலைகளும் உரத்தொழிற்சாலையும் அருகிலேயே இருக்கின்றன. குளிர்காலத்தில் காற்று அசைவற்றுத் தாழ்ந்து நிற்பதால் புகை மேலெழாமல் குடியிருப்புகளுக்கு இடையிலேயே தங்குகிறது. 2016 ஜனவரி இறுதியில் அக்குப்பைமேடு பற்றி எரிந்தபோது, அதன் புகை செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தது. மாநகராட்சிப் பள்ளிகள் மூடப்பட்டன. நகரின் பிற பகுதிகளில் குளிர்காலம் என்பது இதமான காலை நடை. இங்கு அது இருமல் தொடங்கும் காலம். ஓர் அறையில் ஐவர் வாழும் வீட்டிலிருந்து புத்தகத்தோடு வெளியே வந்து அமர்வதற்கு ஒரு திண்ணையோ பூங்காவோ இல்லாத இடத்தில், ‘ஓய்வாக இருக்கிறார்கள்’ என்று சொல்வதற்குப் பெரும் கற்பனை வேண்டும்.

இந்நிலையைச் சரிசெய்வதற்கென்றே உதவித்தொகைகள் உள்ளன என்பது அடுத்து வரும் விடை. அதனையும் கணக்கிட்டே பார்க்கலாம். பட்டியலினத்தவருக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டம் 2021இல் திருத்தப்பட்டபோது, கல்விக் கட்டணம் நீங்கலாக மாணவரின் கைக்குச் செல்லும் ஆண்டுத் தொகை படிப்பின் வகையைப் பொறுத்து 2,500 முதல் 13,500 ரூபாய் வரை என்று வகுக்கப்பட்டது. வீட்டிலிருந்து சென்றுவரும் பொதுப் பட்டப்படிப்பு மாணவருக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய். மாதத்துக்கு 250. நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 ரூபாய். 2025 மே மாதம் முதல் மும்பை பெஸ்ட் பேருந்தின் குறைந்தபட்சப் பயணக் கட்டணம் 10 ரூபாய். ஒரு மாணவியின் ஒருநாள் நேரத்துக்கு அரசு வைக்கும் விலை, அவர் வாசலிலிருந்து முதல் நிறுத்தம் வரை செல்லும் பயணச்சீட்டின் விலையைக்கூட எட்டவில்லை.

மதிலின் ஒருபுறம் மாதம் 55,000, மறுபுறம் 250 என்று ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். பயிற்சிப் பள்ளியில் சேர்பவர்கள் கடும் தேர்வைக் கடந்த பட்டதாரிகள், பயிற்சிக்குப் பிறகு அரசுப் பணிக்குக் கட்டுப்பட்டவர்கள், எண்ணிக்கையில் சிலர். ஆகவே தொகை சமமாக வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. கொள்கை சமமாக வேண்டும் என்பதே கேள்வி. படிப்பவரின் பிழைப்புச் சுமையை இறக்கிவைத்தால்தான் படிப்பு நிகழும் என்பது அணுப் பொறியாளருக்கு உண்மையானால், வரலாறு படிக்கும் சீத்தா கேம்ப் மாணவிக்கு அது எவ்வாறு பொய்யாகும்?

இக்கேள்வி புதிதன்று. இதே எம்-கிழக்கு வட்டத்தில், தேவ்னாரில், டாடா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் அங்கு மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். அரசின் கல்வி உதவித்தொகைக்குத் தகுதியுடைய பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு அளிக்கப்பட்டுவந்த கட்டணச் சலுகை திரும்பப் பெறப்பட்டதே காரணம். போராட்டம் நிறுவனத்தின் பிற வளாகங்களுக்கும் பரவியது. அது நடந்ததும் ஒரு குளிர்காலப் பருவத்தில்தான். வசதியுள்ள மாணவர் நூலகத்தில் செலவிட்ட வாரங்களை, வசதியற்றவர் நூலகத்தில் இருக்கும் உரிமைக்காக வாயிலில் அமர்ந்து செலவிட வேண்டியிருந்தது. போராடியவர்களைப் படிக்காமல் அரசியல் செய்கிறார்கள் என்று பழிப்பது எளிது. அவர்களின் படிப்பு நேரத்தைப் பறித்தது எது என்று கேட்பதே கடினம்.

இங்கு மிகுந்த மரியாதையோடு ஒரு கருத்தைச் சொந்த அணியினரிடமும் முன்வைக்க வேண்டியுள்ளது. அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி மகாராஷ்டிரத்தின் கல்வி நிலையங்கள் பலவற்றில் தொடர்ந்து 18 மணிநேரம் படிக்கும் நிகழ்வு நடத்தப்படுகிறது. மாணவர்கள் அமைதியாக அமர்ந்து படிக்கும் அக்காட்சி உள்ளத்தைத் தொடுவது. ஆயினும் அதிலிருந்து பெறப்படும் பாடம் பெரும்பாலும் பாதியளவிலேயே நின்றுவிடுகிறது. அவர் 18 மணிநேரம் படித்தார், நீயும் படி என்பதே அப்பாதி. அந்த 18 மணிநேரம் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்பது மறுபாதி. பரேலின் நெரிசல் மிகுந்த குடியிருப்பில் வளர்ந்த அவர், 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடின் உதவித்தொகையால் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். மூன்றாண்டுகள் அத்தொகை அவரைப் பிழைப்பிலிருந்து விடுவித்தது. பிறகு லண்டன் சென்றார். 1917இல் உதவித்தொகை முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. அவருடைய அறிவு குறைந்துவிடவில்லை, உழைப்பு குறைந்துவிடவில்லை. நேரத்துக்கான பணம் நின்றுபோயிற்று, அவ்வளவே. சிடனம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிப் பணம் சேர்த்து, சாகு மகாராஜின் உதவியும் பெற்று, 1920இல்தான் மீண்டும் லண்டன் செல்ல முடிந்தது. 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அண்ணலுக்கே மூன்றாண்டு இடைவெளியை உண்டாக்கிய அதே காரணம், இன்று பெயர் அறியப்படாத எத்தனையோ பேரின் படிப்பை இடைவெளியின்றி முடித்துவைக்கிறது. அவரை வணங்குவோர் மாணவரிடம் 18 மணிநேரம் கேட்பதற்கு முன், அரசிடம் அந்த 18 மணிநேரத்துக்கான செலவைக் கேட்க வேண்டும்.

எதிர்வாதங்கள் இரண்டு உள்ளன, இரண்டும் பதிலுக்குரியவை.

முதலாவது, கிடைக்கும் நேரத்தையும் மாணவர்கள் கைப்பேசியில் வீணடிக்கிறார்கள் என்பது. கைப்பேசி நேரத்தை விழுங்குகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது எத்தகைய நேரத்தை விழுங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மான்குர்டிலிருந்து குர்லா வரை நின்றுகொண்டே செல்லும் ரயில் பயணம், தண்ணீர் வரக் காத்திருக்கும் கால்மணி, கடையில் வாடிக்கையாளர் வராத பத்து நிமிடம் ஆகியவை உடைந்த நேரங்கள். உடைந்த நேரத்தில் ஒரு நாவலையோ ஒரு தேற்றத்தையோ கையிலெடுக்க இயலாது. முப்பது வினாடிக் காணொளியைத்தான் பார்க்க இயலும். கருத்து என்பது வேர்விடுவதற்கு இடையறாத இரண்டு மூன்று மணிநேரம் கேட்கிறது. அதனைத் தராமல் துண்டு துண்டாக நேரத்தைத் தந்துவிட்டு, துண்டுகளை ஏன் துண்டுகளாகச் செலவழித்தாய் என்று கேட்பது நேர்மையன்று. முழு நேரம் கிடைத்தும் வீணடிப்பவர்கள் உண்டு. எல்லா வகுப்பிலும் உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வீணடித்தால் அது பருவக் கோளாறு, ஏழைப் பிள்ளை வீணடித்தால் அது தகுதியின்மை என்று தீர்ப்பெழுதும் வழக்கம்தான் மாற வேண்டும்.

இரண்டாவது, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வேண்டியது வேலை, ஓய்வன்று என்பது. இவ்வாதம் கருணையின் உடையணிந்து வருவதால் ஆபத்தானது. புதிய கல்விக் கொள்கையின்கீழ் திறன் பாடங்களும் களப்பயிற்சியும் தொழிற்பயிற்சியும் பட்டப்படிப்பின் கிரெடிட்டுக்குள் வந்துவிட்டன. பயிற்சி தவறன்று. ஆனால் ஏற்கெனவே வாரம் 30 மணிநேரம் கடையில் நிற்பவருக்கு மேலும் ஊதியமற்ற பயிற்சி நேரத்தைச் சுமத்துவது, அவர் பெற்றுவரும் கூலியைப் பறித்துவிட்டு அதற்குச் சான்றிதழ் தருவதாகும். மேலும், வேலைக்கு மட்டும் ஆளாக்கும் கல்வி அவரை எந்த வேலைக்கு ஆளாக்குகிறது? எவருடைய முடிவையோ நிறைவேற்றும் வேலைக்கு. முடிவெடுக்கும் இடத்துக்குச் செல்பவர்கள் எவர் என்று பார்த்தால், குளிர்காலப் பருவத்தில் விவாத மன்றத்திலும் நாடக ஒத்திகையிலும் பாடத்துக்குப் புறம்பான நூலிலும் நேரம் செலவிட வாய்த்தவர்களாகவே பெரும்பாலும் இருக்கிறார்கள். விழாவை நடத்தக் கற்பவர் பின்னாளில் நிறுவனத்தை நடத்துகிறார். அவ்விழாவில் நாற்காலி அடுக்கும் கூலியைப் பெற்றவர் பின்னாளிலும் நாற்காலி அடுக்குகிறார். இவ்வேறுபாட்டைத் திறமை என்று பெயரிட்டு அழைப்பதே இக்காலத்தின் பெரும் பொய்.

தமிழில் ‘சும்மா இருத்தல்’ என்பதற்கு இரண்டு வாழ்வுகள் உண்டு. வேலை செய்யாதிருப்பவரை ஏசுவதற்கு வீட்டில் பயன்படும் சொல் அது. மனம் அடங்கி அறிவு தெளியும் உயர்நிலையைக் குறிக்க ஆன்மிக மரபு பயன்படுத்திய சொல்லும் அதுவே. ஒரே செயல்; செய்பவர் எவர் என்பதைப் பொறுத்துப் பழியாகவும் பெருமையாகவும் மாறுகிறது. கல்வியைப் பொறுத்தவரை இவ்விரட்டை வழக்கு முடிவுக்கு வர வேண்டும். பவாயில் சும்மா இருப்பது சிந்தனை என்றால், சீத்தா கேம்ப்பில் சும்மா இருப்பதும் சிந்தனையே.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். அவை பெரும் புரட்சி எதையும் கேட்கவில்லை.

உதவித்தொகை பருவத்தின் தொடக்கத்தில், மாதந்தோறும், மாணவரின் கணக்குக்கு வர வேண்டும். ஆண்டு முடிந்தபின் வரும் தொகை கடனை அடைக்கும், நேரத்தை வாங்காது. அதன் அளவு, மாணவர் தம் மாலை வேலையைக் குறைத்துக்கொள்ளும் அளவுக்காவது உயர வேண்டும். 250 ரூபாயைக் கொண்டு எவரும் எந்த வேலையையும் விட இயலாது.

75 விழுக்காடு வருகை விதியைக் கண்ணை மூடிக்கொண்டு செயல்படுத்துவது நிற்க வேண்டும். வேலை செய்து படிப்பவரென்று பதிவு செய்தவர்களுக்குத் தனி நேர அட்டவணையும், ஏற்கெனவே செய்துவரும் வேலைக்குரிய கிரெடிட்டும் வழங்கப்பட வேண்டும். கட்டாயத் தொழிற்பயிற்சிக்கு ஊதியம் கட்டாயமாக வேண்டும்.

எம்-கிழக்கு வட்டத்தின் கல்லூரி நூலகங்களும் மாநகராட்சிப் பள்ளி வகுப்பறைகளும் மாலை முதல் இரவு பத்து மணி வரை படிப்பறைகளாகத் திறந்திருக்க வேண்டும். மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. பிள்ளைகள் வீடு திரும்பியபின் அவ்வகுப்பறைகள் இருளில் பூட்டிக் கிடக்கின்றன. மின்விளக்கும் காவலரும் ஒரு தண்ணீர்க் குடமும் போதும். பெண்கள் பாதுகாப்பாக வீடு திரும்ப இரவுப் பேருந்து ஒன்று கூடுதலாக வேண்டும்.

பொதுப் பணத்தில் எழுந்த அறிவியல் நிறுவனங்களும் சமூக அறிவியல் நிறுவனங்களும் தம் மதிலை ஒட்டி வாழும் கல்லூரி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் குளிர்காலப் பருவத்தில் ஊதியத்தோடு கூடிய வாசிப்பு இடங்களை ஒதுக்க வேண்டும். பாதுகாப்புக்குரிய ஆய்வகங்களைத் திறக்கச் சொல்லவில்லை. நூலகத்தையும் ஆசிரியரின் நேரத்தையும் திறக்கச் சொல்கிறது இக்கோரிக்கை. 1976இல் நிலத்தைப் பெற்றுக்கொண்ட பக்கம் செலுத்த வேண்டிய கடனில் இது மிகச் சிறிய தவணை.

வீடுகளுக்குள் செய்ய வேண்டியதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. மகள் படிக்கும் இரண்டு மணிநேரத்துக்கு மகன் பாத்திரம் கழுவலாம், தண்ணீரும் பிடிக்கலாம்.

இந்த நவம்பரில் இரண்டாம் பருவம் மீண்டும் தொடங்கும். மாணவர்கள் சோம்பேறிகள் என்னும் கட்டுரைகளும் அப்போது மீண்டும் வெளிவரும். அவற்றை எழுதவிருப்போர் முதலில் மான்குர்டு நிலையத்தில் இறங்கி, டிராம்பே செல்லும் பேருந்தில் ஏறி, இரவு எட்டு மணிக்குக் கையில் புத்தகத்தோடு ஒரு மாணவி அமர்வதற்கு அந்த வட்டத்தில் எத்தனை இடங்கள் இருக்கின்றன என்று எண்ணிவிட்டு வரட்டும். அந்த எண்ணிக்கையைத் தம் கட்டுரையின் முதல் வரியில் எழுதட்டும்.